எதிர்மனுதாரர் சமைத்த நண்டு

ஏப்ரல் 27, திங்கள்

வக்கீல் தமயந்தி மேடம் சொன்னபடி இந்த நோட்டை வாங்கினேன். இருநூறு பக்கம், கோடு போட்டது. "அவர் பண்ற கொடுமையெல்லாம் தேதி போட்டு எழுதிக்கிட்டே வாங்க காந்திமதி. கோர்ட்டுல வாயால சொன்னா அழுகாச்சி, எழுதி வெச்சா ஆதாரம்" என்றார். புருஷன் என்றோ பெயர் சொல்லியோ எழுத வேண்டாமாம். எதிர்மனுதாரர் என்று எழுதினால் பின்னால் அப்படியே எடுத்து டைப் அடிக்க வசதியாம். பார்த்திபன் என்ற பெயரைக் கையால் எழுத எனக்கும் பிடிக்கவில்லை. எதிர்மனுதாரர் என்பதே நன்றாக இருக்கிறது.

விவாகரத்து வழக்கின் நிலவரம் இதுதான். மந்தைவெளியில் உள்ள இந்த ஃப்ளாட் இருவர் பெயரிலும் இருக்கிறது. யார் வீட்டை விட்டு இறங்கினாலும் அவர் கேஸ் பலவீனமாகும் என்று இரண்டு பக்க வக்கீல்களும் சொல்லிவிட்டதால் இருவரும் இங்கேயேதான் கிடக்கிறோம். எனக்கும் மகள் மகிழினிக்கும் பெரிய அறை, அவருக்கு ஹாலை ஒட்டிய சின்ன அறை. அடுப்பில் இடது பக்கத்து இரண்டு பர்னர் எனக்கு, வலது ஓரத்து ஒன்று அவருக்கு. ஃப்ரிட்ஜில் தட்டுகள் எனக்கு, ஃப்ரீசர் அவருக்கு. நேரடியாக என்னிடம் பேசக் கூடாது என்று மேடம் அவருக்கு நோட்டீஸ் அனுப்பிவிட்டார். அவசியமானதை மகிழினி மூலம் சொல்லி அனுப்புகிறோம். பதினொரு வயதுதான் என்றாலும் விவரமான பெண், ஒரு வார்த்தை மாறாமல் கொண்டுபோய்ச் சொல்லிவிடுவாள்.

இன்றைய கொடுமை: குளியலறை விளக்கை அணைக்கவில்லை.

மே 3, ஞாயிறு

இன்று எழுத நிறைய இருக்கிறது.

காலை பத்து மணிக்கு எதிர்மனுதாரர் ஒரு பை நிறையச் சாமான்களோடு என் சமையலறைக்குள் நுழைந்தார். நூடுல்ஸ் பாக்கெட், வெண்ணெய், இரண்டு கை பூண்டு, ஒரு கறுப்பு பாட்டில். பாட்டிலை எடுத்துப் பார்த்தேன், சிப்பி சாஸ். கடல் சிப்பி!

நான் திருநெல்வேலிச் சைவ வீட்டுப் பெண். எங்கள் அம்மா முட்டை போட்ட கேக்கைக்கூட வாசலிலேயே நிறுத்திவிடுவாள். அவர் கடலூர்க்காரர், மீன் இல்லாமல் சோறு இறங்காத குடும்பம். காதலித்த காலத்தில் நான் போட்ட ஒரே நிபந்தனை, வெளியே எதை வேண்டுமானாலும் சாப்பிடலாம், என் சமையலறைக்குள் மாமிசம் வரக் கூடாது என்பதுதான். பதிமூன்று வருஷம் அதை அவர் மீறவில்லை என்பதையும் நியாயத்துக்கு எழுதி வைக்கிறேன். இன்று மீறினார்.

என்ன சமையல் என்று நான் கேட்கவில்லை. மகிழினியே வந்து சொன்னாள். "அப்பா நம்ம கடை பூண்டு நூடுல்ஸ் பண்றாங்கம்மா. அப்புறம் ரோஸ்ட் நண்டும் கத்துக்கப் போறாங்களாம்." நம்ம கடை என்றால் அடையாறில் மாடியில் இருக்கிற சைனீஸ் கடை. பிறந்தநாள், பரீட்சை முடிவு எல்லாவற்றுக்கும் அங்கேதான் போவோம். அவளுக்கு உயிர். ஆனால் இப்போது அவர் தனியாகக் கூப்பிட்டாலும் போக மாட்டேன் என்கிறாள், நான் தனியாகக் கூப்பிட்டாலும் தலை வலிக்கிறது என்கிறாள். அதனால் கடையை வீட்டுக்குக் கொண்டுவருகிறாராம்.

நூடுல்ஸ் குழைந்து களி ஆகிவிட்டது. பூண்டு கருகியது. எனக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது. மகிழினி அதையும் ஒரு தட்டு சாப்பிட்டாள். பிறகு என்னிடம் வந்து, "எனக்கு ரசம் சாதம் போடும்மா" என்றாள். பிள்ளைக்கு யார் சமையல் பிடிக்கிறது என்று இதிலிருந்தே தெரியும்.

மே 4, திங்கள்

கொடுமை ஒன்றும் இல்லை. காபி போடும்போது பூண்டு வாடை அடித்தது, வேண்டுமானால் அதைச் சேர்த்துக்கொள்ளலாம்.

மே 10, ஞாயிறு

நேற்று மேடம் போன் செய்தார். ஜூன் 12 அன்று நீதிபதி மகிழினியைத் தன் அறைக்குத் தனியாக அழைத்துப் பேசப் போகிறாராம். "யார்கிட்ட இருக்கணும்னு கேப்பாங்க. பதினொரு வயசுல பொண்ணு சொல்றதுக்கு ரொம்ப மதிப்பு காந்திமதி. கிட்டத்தட்ட அவ சொல்றதுதான் தீர்ப்பு."

போனை வைத்த பிறகுதான் எனக்கு உறைத்தது. அந்த ஆளுக்கு இந்தத் தேதி முன்னாடியே தெரிந்திருக்கிறது. இது சமையல் இல்லை, லஞ்சம். வெண்ணெயும் பூண்டும் போட்டு என் பெண்ணை விலைக்கு வாங்கப் பார்க்கிறார்.

இன்று செய்த நூடுல்ஸ் உதிரி உதிரியாக வந்துவிட்டது. வாசனையையும் குறை சொல்ல முடியாது. வயிறு எரிந்தது. மகிழினி இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டாள். நான் செய்து வைத்திருந்த வத்தக்குழம்பையும் இரண்டு முறை போட்டுக்கொண்டாள்.

அடுத்த வாரம் ஓவனில் நண்டு சுடப் போகிறாராம். ஓவன் என் அண்ணன் வாங்கித் தந்தது. அதன் தட்டையும் கம்பியையும் எடுத்து என் பீரோவில் வைத்துப் பூட்டினேன். என் பொருளை நான் பத்திரப்படுத்துவதை யாரும் கொடுமை என்று சொல்ல முடியாது.

மே 17, ஞாயிறு

என் தோசைக்கல்லில் நண்டு.

ஓவன் தட்டைத் தேடியிருக்கிறார், கிடைக்கவில்லை. ஒரு வார்த்தை கேட்காமல் என் இரும்புத் தோசைக்கல்லை எடுத்து அடுப்பில் போட்டு, நான்கு சேற்று நண்டுகளை உடைத்துப் பரப்பி, வெண்ணெயும் மிளகும் பூண்டும் போட்டு, மேலே ஒரு சட்டியைக் கவிழ்த்துவிட்டார். நான் கோயிலிலிருந்து வந்து பார்த்தபோது நண்டின் சிவந்த கால்கள் சட்டிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. எனக்கு வந்த ஆத்திரத்தில் நோட்டீஸ், வக்கீல் எல்லாம் மறந்துவிட்டது.

"அது என்ன கல்லுன்னு தெரியுமா? அதுல நாளைக்கு நான் எப்படித் தோசை சுடுவேன்?"

அவர் என்னைப் பார்க்கவே இல்லை. மகிழினியைக் கூப்பிட்டு, "ஓவன் தட்டைத் திருடி வெச்சவங்க கல்லைப் பத்திப் பேசக் கூடாதுன்னு அம்மாகிட்டச் சொல்லுடா" என்றார். அவள் மூன்றடி தள்ளி நின்ற என்னிடம் வந்து, முகத்தில் ஒரு மாறுதலும் இல்லாமல், அப்படியே சொன்னாள்.

அறைக்கதவைச் சாத்திக்கொண்டு தயிர் சாதம் சாப்பிட்டேன். வெளியே ஓடு உடைபடும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. நண்டு நன்றாக வந்திருக்க வேண்டும், மகிழினி "எவ்ளோ சதைப்பா!" என்று சொன்னது காதில் விழுந்தது. கல்யாணமான புதிதில் அந்த மாடிக் கடையில்தான் நான் முதன்முதலில் நண்டு சாப்பிட்டேன். எனக்கு உடைக்கத் தெரியாது என்று ஒவ்வொரு காலாக உடைத்து, சதையை எடுத்து என் தட்டில் வைத்துக்கொண்டே இருந்தார். அவர் சாப்பாடு ஆறிப்போனது. இதை இங்கே எழுதியிருக்கத் தேவையில்லை. பேனாவால் எழுதிவிட்டேன். டைப் அடிக்கும்போது இந்த நான்கு வரியை விட்டுவிடும்படி மேடத்திடம் சொல்ல வேண்டும்.

தோசைக்கல்லை அவர் அறை வாசலில் கொண்டுபோய்ப் போட்டேன். டைல்ஸ் ஒன்று விரிசல் விட்டுவிட்டது.

மே 18, திங்கள்

மேடத்துக்குப் போன் செய்து நண்டு விஷயத்தை முழுவதும் சொன்னேன். "காந்திமதி, அப்பா பொண்ணுக்கு சமைச்சுப் போட்டார்ங்கறதை கொடுமைன்னு நான் எழுதினா ஜட்ஜ் என்னைப் பார்த்துச் சிரிப்பாங்க. பேசாம நீங்களும் பண்ணிப் போடுங்க" என்றார்.

நானா? நண்டா?

மே 21, வியாழன்

பண்ணுகிறேன். பெண்ணா, ஆசாரமா என்று வந்தால் எனக்குப் பெண்தான். அம்மாவுக்குத் தெரிந்தால் திருநெல்வேலியிலிருந்து ரயில் ஏறி வந்து என்னைத் தலைமுழுகிவிட்டுப் போவாள்.

ஆபீஸில் அரைநாள் லீவு போட்டு அந்த மாடிக் கடைக்குத் தனியாகப் போனேன். பழைய சர்வர் தேவசகாயம் அண்ணன்தான் வந்தார். ஒரு பிளேட் நூடுல்ஸ் வாங்கி மெதுவாகச் சாப்பிட்டுப் பார்த்துவிட்டு, எப்படிச் செய்கிறீர்கள் என்று கேட்டேன். அவர் சிரித்தார்.

"ரெண்டு வாரம் முன்னாடி சார் வந்து இதே டேபிள்ல உக்காந்து இதையேதான் கேட்டாரு மேடம். வீட்டுல ஏதாவது விசேஷமா?"

"ஆமா, விசேஷம்தான்" என்றேன்.

அவர் சொன்னது: பூண்டைப் பொடியாக நறுக்கி இரண்டாகப் பிரிக்க வேண்டும். பாதியை வெண்ணெயில் சிறு தீயில் பொன்னிறமாக வதக்கி, மீதியை இறக்கும் நேரத்தில் பச்சையாகப் போட வேண்டும். நூடுல்ஸை முக்கால் வேக்காட்டில் எடுத்துவிட்டு, வெந்த தண்ணீரில் ஒரு கரண்டி எடுத்துவைக்க வேண்டும். சிப்பி சாஸ், கொஞ்சம் சோயா, ஒரு சிட்டிகை சர்க்கரை, மிளகு, கடைசியில் துருவிய சீஸ். நண்டை முதலில் கொதிநீரில் ஒரு நிமிஷம் காட்டி, கொடுக்கை லேசாகத் தட்டி விரிசல் விட்டு, பூண்டு வெண்ணெயைத் தடவி ஓவனில் நல்ல சூட்டில் இருபது நிமிஷம். நடுவில் ஒரு முறை திருப்பிவிட்டு மறுபடியும் தடவ வேண்டும். எல்லாவற்றையும் இந்த நோட்டின் கடைசிப் பக்கத்தில் குறித்துக்கொண்டேன்.

மே 24, ஞாயிறு

என் நூடுல்ஸ் முதல் தடவையிலேயே சரியாக வந்துவிட்டது. அவரும் வலது பர்னரில் அதையே செய்தார். ஒரே அடுப்பில் இரண்டு வாணலி. இரண்டு பேரும் தோள் இடிக்காமல் திரும்பப் பழகிக்கொண்டோம்.

மகிழினி முன்னால் இரண்டு தட்டும் வந்தன. என் தட்டிலிருந்து ஒரு வாய், அவர் தட்டிலிருந்து ஒரு வாய் என்று மாற்றி மாற்றிச் சாப்பிட்டாள். நான் எண்ணிக்கொண்டே இருந்தேன். என்னுடையதில் பதினான்கு வாய். அவருடையதை எண்ணவில்லை. கடைசி வாய் என்னுடையது என்பது முக்கியம்.

"யாருது நல்லா இருக்கு?" என்று இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கேட்டுவிட்டோம்.

"ரெண்டும்" என்றாள்.

மே 31, ஞாயிறு

அந்த மனுஷனை என்ன செய்தாலும் தகும்.

மகளை மீட்கிற காரியத்தை நல்ல நாளில் தொடங்க வேண்டும் என்று காலண்டர் பார்த்து, பௌர்ணமியான இன்றைக்கு நண்டு செய்வதென்று முடிவு செய்தேன். காலையில் குளித்து விளக்கேற்றிவிட்டுப் பட்டினப்பாக்கம் போனேன். விசைப்படகுத் தடைக்காலம் என்பதால் கடை குறைவு. தேசம்மா என்கிற அம்மாள் உயிர் நண்டுகளைக் கயிறு கட்டி வைத்திருந்தாள்.

"இன்னாம்மா, இன்னைக்கிப் போய் நண்டு கேக்குற? இன்னா நாளுன்னு தெரியுமா?"

விரத நாளில் நண்டு தின்கிறேன் என்று குத்திக் காட்டுகிறாள் என நினைத்துக்கொண்டேன். "தெரியும். பௌர்ணமி. நல்ல நாள்தான், குடுங்க" என்றேன் வெடுக்கென்று.

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "உனுக்கு நல்ல நாளுன்னா எனுக்கும் நல்ல நாளுதான். எத்தினி வோணும்?"

பெரிதாகப் பார்த்து நான்கு வாங்கினேன். உயிரோடு வெந்நீரில் போட மனம் வரவில்லை. அரை மணி நேரம் ஃப்ரீசரில் வைத்தால் மயங்கிவிடும் என்றார்கள். ஃப்ரீசர் எதிர்மனுதாரருடையது. மகிழினியை அனுப்பினேன். அவர் "தாராளமா" என்று சொல்லியனுப்பினார். அதோடு நிற்காமல் சமையலறைக்கு வந்து, பையிலிருந்து ஒரு நண்டை எடுத்துக் கையில் தூக்கிப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் வைத்துவிட்டுப் போனார். அந்த உதட்டோரச் சிரிப்பை அப்போதே நான் கவனித்திருக்க வேண்டும்.

கண்ணை மூடிக்கொண்டு சுத்தம் செய்தேன். இரண்டு முறை குமட்டியது. பீரோவைத் திறந்து ஓவன் தட்டை எடுத்தேன். இருபது நிமிஷத்தில் வீடே அந்த மாடிக் கடைபோல மணந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது, அவ்வளவு சந்தோஷம்.

மேஜையில் வைத்து மகிழினிக்காக ஒரு கொடுக்கை உடைத்தேன். உள்ளே தண்ணீர்தான் இருந்தது. இன்னொன்றை உடைத்தேன், அதிலும் தண்ணீர். நான்கு நண்டிலும் சேர்த்து ஒரு ஸ்பூன் சதை இல்லை.

அப்போது அவர் சிரித்தார். பல மாதங்களாக இந்த வீட்டில் கேட்காத சத்தம் அது. "பௌர்ணமி நண்டுல என்ன இருக்கும்? கடலூர்ல சின்னப் பசங்களுக்குக்கூடத் தெரியும். போன தடவ நான் அமாவாசை முடிஞ்ச மறுநாள் பாத்துத்தான் வாங்கினேன்."

"கையில தூக்கிப் பாத்தீங்கல்ல? அப்பவே சொல்றதுக்கு என்ன?"

"உங்கிட்ட நேரடியாப் பேசக் கூடாதுன்னு நோட்டீஸ் வந்திருக்கே."

கரண்டியை எறிந்தேன். அது சுவரில்தான் பட்டது. அவர் நண்டுத் தட்டைக் கொண்டுபோய்க் குப்பைக் கூடையில் கவிழ்த்தார். நான் அவருடைய சிப்பி சாஸைத் தொட்டியில் கொட்டினேன். இரண்டு பேரும் கத்திய கத்தலில் கீழ்வீட்டுக்காரர்கள் காலிங்பெல் அடித்தார்கள். எல்லாம் ஓய்ந்து நான் திரும்பிப் பார்த்தபோது, மகிழினி குப்பைக் கூடையில் விழாமல் தப்பிய ஒரு நண்டுக் காலை உறிஞ்சிக்கொண்டிருந்தாள்.

"நல்லாத்தான் இருக்கும்மா" என்றாள்.

ஜூன் 1, திங்கள்

கரண்டி விஷயத்தை மேடத்திடம் சொல்ல வேண்டியதில்லை.

ஜூன் 7, ஞாயிறு

இன்னும் ஐந்து நாள். இன்று விட்டால் வேறு ஞாயிறு கிடையாது. இரண்டு பேரும் சமைத்தோம்.

இந்த முறை தேசம்மாவிடம் மன்னிப்புக் கேட்டு, எப்படிப் பார்த்து வாங்குவது என்று கற்றுக்கொண்டேன். "வவுத்துல கட்டை விரலால அமுக்கிப் பாரு. அமுங்கினா தண்ணி, கல்லு மாதிரி இருந்தா சதை" என்று அவளே தேர்ந்தெடுத்துக் கொடுத்தாள். ஓவன் எனக்கு, தோசைக்கல் அவருக்கு. வெண்ணெய், பூண்டு, மிளகு, சீஸ் எல்லாம் இரண்டிரண்டு. பார்த்தவர்கள் கல்யாண வீடு என்று நினைத்திருப்பார்கள்.

என் நண்டு பிரமாதம். அதை நானே சொல்லிக்கொள்கிறேன், வேறு யார் சொல்லப் போகிறார்கள்? அவருடையதும் மோசமில்லை. மகிழினி முன்னால் நான்கு தட்டு. என் நூடுல்ஸ், அவர் நூடுல்ஸ், என் நண்டு, அவர் நண்டு. நான் அவளுக்கு வலது பக்கம் உட்கார்ந்தேன், அவர் இடது பக்கம் உட்கார்ந்தார். இரண்டு பக்கமும் பார்த்துச் சிரித்துக்கொண்டே நான்கையும் காலி செய்தாள். இவ்வளவு சாப்பிட்டு நான் பார்த்ததே இல்லை. நடுவில் ஒரு முறை தண்ணீர் குடித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். ருசியில் என்று நினைத்தேன்.

ஜூன் 8, திங்கள்

காலை ஆறு மணியிலிருந்து வாந்தி. பள்ளிக்கூடத்துக்கு லீவு சொன்னேன். அவர் நண்டுதான் காரணம் என்று நான் சொன்னேன். என் நண்டுதான் காரணம் என்று அவர் சொன்னார். ஆட்டோவில் டாக்டர் வீட்டுக்குப் போகிற வழி முழுக்க இதுதான் பேச்சு. நடுவில் உட்கார்ந்திருந்த அவள் பாலித்தீன் பையை வாயருகே பிடித்துக்கொண்டிருந்தாள்.

டாக்டர் வயிற்றை அமுக்கிப் பார்த்தார். "நண்டுல கோளாறு ஒண்ணும் இல்ல. அளவுக்கு மேல சாப்பிட்டிருக்கா. ஏம்மா, வயிறு ரொம்பினதும் போதும்னு சொல்ல மாட்டியா?"

"சொல்லலாம் டாக்டர். ஆனா அப்ப இன்னொருத்தரோடது மிச்சமாயிடும்" என்றாள் மகிழினி.

டாக்டர் எங்களை நிமிர்ந்து பார்த்தார். நான் சுவரிலிருந்த எடை அட்டவணையைப் படித்தேன். எதிர்மனுதாரர் செல்போனை எடுத்துப் பார்த்தார்.

இரண்டு நாளைக்குக் கஞ்சி மட்டும் கொடுக்கச் சொல்லியிருக்கிறார் டாக்டர். கஞ்சியை நான் வைத்தேன். அவரும் வைத்திருந்தார்.

ஜூன் 12, வெள்ளி

குடும்ப நீதிமன்றத்திலிருந்து வந்து, செருப்பைக்கூடச் சரியாகக் கழற்றாமல் எழுதுகிறேன். யாருக்காக எழுதுகிறேன் என்று தெரியவில்லை. மேடத்துக்காக இல்லை.

பதினொன்றரை மணிக்கு மகிழினியை நீதிபதி அறைக்குள் அழைத்துப் போனார்கள். நீல நிற உடுப்பு போட்டு, இரட்டைப் பின்னல் போட்டு அனுப்பியிருந்தேன். போகும்போது இரண்டு பேருக்கும் ஒவ்வொரு கையாகக் காட்டிவிட்டுப் போனாள். கால் மணி நேரம்தான். பெஞ்சின் அந்தக் கோடியில் உட்கார்ந்திருந்த அவர் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தார்.

பிறகு அவளை வெளியே உட்காரவைத்துவிட்டு எங்களைக் கூப்பிட்டார்கள். நீதிபதி அம்மாள் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுப் பேசினார்.

"உங்க பொண்ணு ரெண்டு பேரைப் பத்தியும் ஒரு குறைகூடச் சொல்லல. ரெண்டு பேரும் நல்லா சமைப்பாங்கன்னு சொன்னா. அம்மாகிட்ட இருக்கியா, அப்பாகிட்ட இருக்கியான்னு மூணு விதமாக் கேட்டுப் பார்த்தேன். ஹாஸ்டல்ல சேத்துவிடச் சொல்லுங்க மேடம்னு மட்டும்தான் சொல்றா. ஸ்கூல் பேரெல்லாம்கூட விசாரிச்சு வெச்சிருக்கா. யோசிச்சுட்டு அடுத்த வாய்தாவுக்கு வாங்க."

வராந்தாவுக்கு வந்த உடனேயே ஆரம்பித்துவிட்டோம். "உன் நோட்டும் நோட்டீசும்தான் பிள்ளைய இப்படித் துரத்துது" என்றார். "உங்க நண்டுக்கு முன்னால எம் பொண்ணு நல்லாத்தான் இருந்தா" என்றேன். என் கேஸ், உன் கேஸ் என்று குரல் ஏறியது. போலீஸ்காரர் ஒருவர் கையைக் காட்டி அடங்கச் சொன்னார். அப்புறம் இரண்டு பேரும் சேர்ந்து அவளிடம் போனோம்.

"ஹாஸ்டல் சாப்பாடு எப்படி இருக்கும்னு தெரியுமாடா? டெய்லி ஒரே சாம்பார்தான்" என்றார் அவர்.

"உனக்குப் புடிச்சதெல்லாம் அங்க யாரு பண்ணித் தருவா? இஷ்டம் இருந்தாலும் இல்லாட்டியும் போட்டதைத்தான் திங்கணும்" என்றேன் நான். பல மாதங்களுக்குப் பிறகு நாங்கள் இருவரும் ஒரே கட்சி.

மகிழினி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். யாருடைய முகத்தை முதலில் பார்ப்பது என்று யோசிக்கிற அந்தச் சின்னத் தயக்கத்தை இன்றுதான் நான் கண்டேன். எத்தனை நாளாக இருந்ததோ தெரியவில்லை. கடைசியில் இரண்டு பேரையும் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டாள்.

"அங்க ஒரு தட்டுதானேம்மா வைப்பாங்க?"